ஒரு போத்தல் கடல் நீரில் எத்தனை பெயர்கள்?

கடலில் எத்தனை வகை மீன்கள் வாழ்கின்றன என்பதை எவ்வாறு எண்ணுவது? காட்டில் யானைகளை எண்ணுகிறார்கள், நீர்த்தடாகத்துக்கு வரும் பறவைகளை எண்ணுகிறார்கள். ஆனால் கடல் தன்னுள் இருப்பவற்றை எளிதில் காட்டுவதில்லை. வலை வீசினால் வலைக்கண்ணுக்கு ஏற்ற மீன் மட்டுமே அகப்படும். சுழியோடிப் பார்த்தால் பாறை இடுக்கில் ஒளிந்திருப்பதும் இரவில் மட்டும் நடமாடுவதும் கண்ணில் படா. இரை வைத்து நீருக்கடியில் கமராவைப் பொருத்தினால் பசியோடு வருபவை மட்டுமே படத்தில் விழும். ஒவ்வொரு முறையும் கடலின் ஒரு பகுதியைத்தான் நமக்குக் காட்டுகிறது.

நான் உயர்தர உயிரியல் பிரிவில் கற்கும் மாணவி. மூலக்கூற்று உயிரியல் அலகைப் படித்தபோது, பரீட்சைக்காக மனனம் செய்த ஒரு தாக்கம் இந்தப் பழைய வினாவுக்கும் விடை தருகிறது என்பதை அறிந்து வியந்தேன். அதையே ஒரு பாடமாக இங்கு எழுதுகிறேன். விஞ்ஞானப் பிரிவில் கற்காத தோழியருக்கும் பெற்றோருக்கும் விளங்க வேண்டும் என்பதால் இயன்றவரை எளிமையாகவே சொல்கிறேன்.

நீரில் எஞ்சும் தடயம்

கடலில் வாழும் ஒவ்வொரு விலங்கும் தன் உடலிலிருந்து ஏதோவொன்றை நீரில் விட்டுக்கொண்டே இருக்கிறது. மீனின் செதிலும் சளியும், ஆமையின் தோற்கலங்களும், திமிங்கிலத்தின் கழிவும், முட்டையும் விந்தும் நீரிற் கலக்கின்றன. அவற்றிலுள்ள கலங்களில் அவ்விலங்கின் டி.என்.ஏ. இருக்கிறது. இவ்வாறு நீரிலோ மண்ணிலோ காற்றிலோ கலந்து கிடக்கும் டி.என்.ஏ.யையே சுற்றாடல் டி.என்.ஏ. என்கிறோம். விலங்கைப் பிடிக்கவோ பார்க்கவோ தேவையில்லை. அது வாழும் நீரே போதும்.

டி.என்.ஏ. என்பது அடனீன், தைமீன், குவானீன், சைற்றோசீன் என்னும் நான்கு மூலங்கள் நீண்ட வரிசையில் அமைந்த ஒரு மூலக்கூறு. நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நூல் என்று அதனை எண்ணிக்கொள்ளுங்கள். அந்நூலின் சில பக்கங்கள் எல்லா மீன்களிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். வேறு சில பக்கங்கள் இனத்துக்கு இனம் மாறுபடும். மாறாத இரு பகுதிகளுக்கு நடுவே மாறுபடும் ஒரு சிறு பகுதி அகப்பட்டால், அது அவ்வினத்தின் அடையாள அட்டை போலாகிவிடும். முள்ளந்தண்டுளிகளைத் தேடும்போது இத்தகைய பகுதியைப் பெரும்பாலும் இழைமணியின் டி.என்.ஏ.யிலிருந்தே எடுக்கிறார்கள். ஒரு கலத்தில் கரு ஒன்றுதான், இழைமணிகளோ பல. ஆகவே நீரில் அவற்றின் டி.என்.ஏ. அகப்படும் வாய்ப்பும் அதிகம்.

இம்முறை முதலில் கடலுக்காக உருவானதன்று. 2008ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள், வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய அமெரிக்கக் காளைத் தவளை எந்தக் குளங்களில் இருக்கிறது என்பதைக் குளத்து நீரைக் கொண்டே கண்டறிந்தார்கள். பின்னர், 2012இல் டென்மார்க் கரையோரத்தில் எடுக்கப்பட்ட அரை லீற்றர் கடல் நீர் மாதிரிகளிலிருந்து 15 மீனினங்களின் டி.என்.ஏ. அடையாளம் காணப்பட்டது. அப்பகுதிக்கு அரிதாகவே வரும் ஐரோப்பியச் சாளையும் அவற்றுள் ஒன்று. நான்கு பறவையினங்களின் தடயமும் அந்நீரில் இருந்தது.

படிமுறை

முதலாவது, நீரைச் சேகரித்தல். கையுறை அணிந்து, தூய்மையாக்கப்பட்ட போத்தலில் ஒன்றிரண்டு லீற்றர் நீரை எடுப்பார்கள். நமது கைவிரலிலுள்ள டி.என்.ஏ.யும் மதியம் உண்ட மீனின் டி.என்.ஏ.யும் மாதிரியிற் கலந்துவிடக் கூடாது என்பதற்காகவே இத்தனை கவனம்.

இரண்டாவது, வடித்தல். மிக நுண்ணிய துளைகளைக் கொண்ட வடிதாளினூடாக நீரைச் செலுத்துவார்கள். பொதுவாகப் பயன்படும் வடிதாளின் துளை 0.45 மைக்ரோமீற்றர். அதாவது ஒரு மில்லிமீற்றரை இரண்டாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கைவிடவும் சிறியது. நீர் கீழே போய்விட, கலங்களும் கலத்துண்டுகளும் தாளில் தங்கிவிடும்.

மூன்றாவது, தாளிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்தல்.

நான்காவது, பெருக்குதல். இங்குதான் கொவிட் காலத்தில் வீட்டுக்கு வீடு பேசப்பட்ட பி.சி.ஆர். வருகிறது. பொலிமரேசுச் சங்கிலித் தாக்கம் என்பது அதன் தமிழ்ப் பெயர். ஏறத்தாழ 95 பாகை செல்சியசில் டி.என்.ஏ.யின் இரு இழைகளும் பிரியும். வெப்பநிலையைக் குறைத்ததும் பிரைமர் எனப்படும் சிறு தொடக்கத் துண்டுகள், நான் மேலே கூறிய மாறாத பகுதிகளில் வந்து பொருந்தும். பின்னர் 72 பாகையில் நொதியம் புதிய இழையைக் கட்டியெழுப்பும். ஒரு வட்டம் முடிந்தால் ஒன்று இரண்டாகும், அடுத்த வட்டத்தில் நான்காகும். எல்லாம் சரியாக நடந்தால் 30 வட்டங்களின் முடிவில் ஒரேயொரு துண்டு நூறு கோடிக்கும் மேற்பட்ட பிரதிகளாகிவிடும். இரண்டின் முப்பதாம் அடுக்கைக் கணித்துப் பார்த்தால் இதை நீங்களே சரிபார்க்கலாம்.

ஐந்தாவது, வாசித்தல். பெருக்கப்பட்ட துண்டுகளின் மூல வரிசையை இயந்திரம் வாசிக்கும். கணினி அவ்வரிசைகளை ஏற்கனவே இனங்காணப்பட்ட உயிரினங்களின் வரிசைகளோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்லும்.

இவற்றோடு இன்னொரு வேலையும் உண்டு. தூய நீரையும் ஒரு மாதிரியாக வைத்து, எல்லாப் படிகளையும் அதற்கும் செய்வார்கள். அதிலும் மீனின் பெயர் வந்தால், எங்கோ மாசு கலந்துவிட்டது என்று பொருள். நாம் செய்முறைப் பரீட்சையில் எழுதும் 'கட்டுப்பாட்டுப் பரிசோதனை' இதுவேதான்.

கடல்கள் தந்த விடைகள்

2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மீன்களுக்கென்றே 'மைஃபிஷ்' என்னும் பிரைமர்களை வெளியிட்டார்கள். ஒக்கினாவாவிலுள்ள பெரிய மீன்காட்சியகத்தின் தொட்டிகளில் அவற்றை முதலில் சோதித்தார்கள். தொட்டியில் என்னென்ன மீன்கள் உள்ளன என்ற பட்டியல் முன்னரே கையில் இருந்ததால், விடைத்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்துவது போன்ற பரீட்சை அது. தொட்டிகளிலிருந்த இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை நீரில் அடையாளம் காணப்பட்டன.

பின்னர் ஜப்பானின் மைசுரு விரிகுடாவில் ஒரே நாளில் 47 இடங்களில் நீர் எடுத்தார்கள். 128 மீனினங்கள் தெரியவந்தன. அதே விரிகுடாவின் கரையோரத்தில் 14 ஆண்டுகளாக 140 தடவைகள் சுழியோடி எடுக்கப்பட்ட கணக்கும் இருந்தது. சுழியோடிகள் கண்ட இனங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றை ஒரு நாள் நீர் காட்டிவிட்டது. அவர்கள் காணாத பல இனங்களையும் அது சேர்த்துக் காட்டியது. எனினும் அவர்கள் கண்டவற்றில் சில நீரில் அகப்படவில்லை என்பதையும் நாம் மறந்துவிடக் கூடாது.

பசிபிக் சமுத்திரத்திலுள்ள நியூ கலிடோனியாத் தீவுகளில் சுறாக்களைத் தேடிய ஆய்வு 2018இல் வெளிவந்தது. பல ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான தடவைகள் சுழியோடியும் நூற்றுக்கணக்கான கமராக்களை வைத்தும் கண்ட சுறா இனங்களைவிட, வெறும் 22 நீர் மாதிரிகள் நூற்றுக்கு 44 வீதம் கூடுதலான இனங்களைக் காட்டின.

கத்தார் நாட்டுக் கடலில் ஒவ்வொரு கோடையிலும் திமிங்கிலச் சுறாக்கள் பெருங்கூட்டமாகக் கூடுகின்றன. அங்கு எடுத்த நீரிலிருந்து அக்கூட்டத்தின் பரம்பரை வேறுபாடுகளைக்கூட ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். சூரை மீன்கள் முட்டையிடும் காலத்தில் அம்முட்டைகளை உண்பதற்கே அவை அங்கு வருகின்றன. நீரிலும் இரண்டின் டி.என்.ஏ.யும் சேர்ந்தே காணப்பட்டன.

வாப்பாவின் வினா

இவற்றையெல்லாம் வீட்டில் ஆர்வத்தோடு சொல்லிக்கொண்டிருந்தேன். வாப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மீன் சந்தை கழுவின தண்ணியும் கடலுக்குத்தானே மகள் போகுது? அந்த மீனும் இந்தக் கணக்கில வந்திராதா?" என்றார்.

வாப்பா விஞ்ஞானம் படித்தவரல்லர். ஆனால் இத்துறையின் மிக முக்கியமான வினாக்களுள் ஒன்றைத்தான் அவர் கேட்டார். மைசுரு விரிகுடாவிலேயே இச்சிக்கல் எழுந்தது. ஒருவகைப் பாரை மீனின் பரம்பலை நீரைக் கொண்டு ஆராய்ந்தவர்கள், மீன் இறக்கும் சந்தைக்கு அருகில் அதன் டி.என்.ஏ. மிக அதிகமாக இருப்பதைக் கண்டு, அதைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டியதாயிற்று.

கலிபோர்னியாவின் மொன்ரெரே விரிகுடா மீன்காட்சியகத்தில் நடந்த பரிசோதனையும் நல்ல பாடம் தருகிறது. நாற்பது இலட்சம் லீற்றருக்கும் அதிகமான நீர் கொண்ட ஒரு பெருந்தொட்டி அது. 2014இல் வெளியான முடிவின்படி, தொட்டியிலிருந்த என்பு மீன்கள் பெரும்பாலும் நீரில் தெரிந்தன. ஆனால் கண்ணெதிரே நீந்திக்கொண்டிருந்த சுறாக்களும் கடலாமையும் தெரியவில்லை! பயன்படுத்திய பிரைமர்கள் அவற்றுக்கு நன்கு பொருந்தாமையே இதற்குக் காரணமாகக் கருதப்பட்டது. அதேவேளை, தொட்டியில் உயிரோடு இல்லாத ஒரு மீனின் பெயர் வந்தது. அது மற்ற மீன்களுக்கு இரையாகப் போடப்பட்ட மீன்.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது இதுதான்: 'காணவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றல்ல. அதுபோல, 'தடயம் உண்டு' என்பதும் 'இங்கே உயிரோடு வாழ்கிறது' என்பதும் ஒன்றல்ல. நீரோட்டம் தடயத்தை வேறிடத்துக்குக் கொண்டுசெல்லலாம். பக்டீரியாக்களும் சூரிய ஒளியும் வெப்பமும் அதை விரைவில் சிதைக்கும். கடல் நீரில் அது பெரும்பாலும் சில நாட்களுக்கே நிலைக்கும். ஒரு வகையில் இது நன்மையே. பல மாதங்களுக்கு முன் வந்துபோன மீனன்று, அண்மையில் அங்கிருந்த மீனே பட்டியலில் வரும். மேலும், அந்த மீன் ஆணா பெண்ணா, குஞ்சா முதிர்ந்ததா என்பதை இம்முறை சொல்லாது. ஒப்பிடுவதற்கான பட்டியலில் ஓர் இனத்தின் வரிசை இல்லையென்றால், அவ்வினம் நீரில் இருந்தும் பெயரற்றுப் போய்விடும். எனவே மீனைக் கையிலெடுத்துச் செதிலையும் செட்டையையும் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்தவர்கள் இன்றும் தேவை. பழைய முறைக்குத் துணையாகவே புதிய முறை வந்திருக்கிறது.

நமக்கு இதனால் என்ன?

2021 மே மாதத்தில் கொழும்புக்கு அண்மையில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியதையும், அதன்பின் நமது கரைகளில் பிளாஸ்ரிக் மணிகள் குவிந்ததையும், ஆமைகளும் டொல்பின்களும் இறந்து ஒதுங்கியதையும் நாம் மறக்கவில்லை. அத்தகைய அழிவு நேரும்போது எழும் முதல் வினா, 'எதை இழந்தோம்?' என்பதே. முன்னர் என்ன இருந்தது என்ற கணக்கு இல்லாமல் அதற்கு விடை கூற முடியாது. வீட்டில் களவு போனால் என்னென்ன பொருட்கள் இருந்தன என்று சொல்லத் தெரிந்தவரால்தானே முறையிட முடியும்? மாதந்தோறும் எடுத்து வைக்கும் நீர் மாதிரிகள் கடலுக்கு அத்தகைய ஒரு பொருட்பட்டியல். மீன்பிடியை எங்கே, எப்போது கட்டுப்படுத்துவது என்ற முடிவு மீனவக் குடும்பங்களின் அடுப்போடு தொடர்புடையது. அம்முடிவு ஊகத்தில் அல்லாமல் கணக்கில் நிற்க வேண்டும்.

இப்பணியில் சாதாரண மக்களுக்கும் இடமுண்டு. யுனெஸ்கோ நிறுவனம் 2022, 2023 ஆண்டுகளில் 21 கடல்சார் உலக மரபுரிமைத் தளங்களில் நடத்திய சுற்றாடல் டி.என்.ஏ. திட்டத்தில், பாடசாலைச் சிறுவர்களும் உள்ளூர் மக்களும் நீரை வடித்துக் கொடுத்தார்கள். நாலாயிரத்துக்கும் மேற்பட்ட கடல்வாழ் இனங்கள் பதிவாகின.

பெற்றோர்களிடம் ஒரு சொல். கடலியல் என்றதும் ஆழ்கடலும் சுழியோட்டமும் நினைவுக்கு வர, 'நம் பிள்ளைக்கு ஏன் இது?' என்று தயங்குவது இயல்பு. இன்று அத்துறையின் பெரும் பகுதி ஆய்வுகூட மேசையிலும் கணினியிலும் நடக்கிறது. கையுறை, வடிதாள், பொறுமை, கணிதம் ஆகியவையே அதன் கருவிகள். உயிரியல் கற்கும் ஒரு பெண் பிள்ளைக்கு இக்கதவு திறந்தே இருக்கிறது. படகேறிச் செல்ல விரும்பும் பிள்ளைக்கும் அது திறந்துதான் இருக்கிறது.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. ஓர் ஆற்று முகத்துவாரத்தில் எடுத்த நீரில் கோழியின் டி.என்.ஏ. காணப்பட்டது. இதற்கான காரணங்கள் இரண்டைக் கூறுக.

2. தூய நீர் மாதிரியிலும் சூரை மீனின் வரிசை வந்தது. அன்றைய முடிவுகளை நீங்கள் என்ன செய்வீர்கள்?

3. ஒரு குடாவில் எடுத்த பத்து மாதிரிகளிலும் கடற்பசுவின் தடயம் கிடைக்கவில்லை. 'இங்கே கடற்பசு இல்லை' என்று அறிக்கை எழுதுமாறு உங்களிடம் கூறுகிறார்கள். எழுதுவீர்களா? எழுதுமுன் வேறு எவற்றைக் கேட்டறிவீர்கள்?

மூன்றாவது வினாவுக்கு ஒரே சொல்லில் விடையில்லை. வகுப்பில் கூடிப் பேசுங்கள். வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். கடலைப் பார்த்தே வளர்ந்தவர்களிடம் நமது பாடநூலில் இல்லாத விடை இருக்கக்கூடும்.

தரம் 13, உயிரியல் பிரிவு