காக்கநாட்டு மாணவிக்கு ஒரு கடிதம்



பிளஸ் டூ முடித்துப் பொருளாதாரத்தில் பட்டம் படிக்கத் தீர்மானித்திருப்பதாகவும், எந்தக் கல்லூரி, எந்தத் துணைப்பாடம், மூன்று வருஷமா நான்கு வருஷமா என்ற விஷயங்களில் வீட்டில் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்லி உன் மனத்தைக் குழப்பிவிட்டதாகவும் எழுதியிருந்தாய். தகப்பனார் கொச்சி இன்ஃபோபார்க்கிலோ ஏற்றுமதி மண்டலத்திலோ உத்தியோகம் பார்க்க, வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமுமாக வளர்ந்த பிள்ளைகள் வேறு பலரும் இந்த மாதங்களில் இதே விசாரத்தில் இருப்பார்களாகையால், பதிலை அவர்களும் வாசிக்கும்படி பகிரங்கமாகவே எழுதுகிறேன்.

கல்லூரியைப் பற்றி நான் அதிகம் சொல்வதற்கில்லை. மகாராஜாஸானாலும் செயின்ட் தெரேசாஸானாலும் தேவரா சேக்ரட் ஹார்ட்டானாலும், எங்கே நூலகம் மாலையிலும் திறந்திருக்கிறதோ, எங்கே ஆசிரியர் கேள்விக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்கிறாரோ, அங்கே சேர்ந்துகொள். பெயர்ப் பலகைக்காகத் தினம் மூன்று மணி நேரத்தைப் பஸ்ஸில் தொலைப்பது, லாப நஷ்டம் பார்க்கக் கற்றுக்கொள்ள வந்தவளுக்கு அழகல்ல.

துணைப்பாடத்தைப் பற்றித்தான் நிதானமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 ஜூலை முதல் கேரளத்தில் நடைமுறைக்கு வந்திருக்கும் நான்கு வருஷப் பட்டத் திட்டத்தில், 133 கிரெடிட்டுடன் மூன்றாம் வருஷ முடிவில் பட்டம் வாங்கிக்கொண்டு வெளியேறலாம். 177 கிரெடிட் வரை தொடர்ந்தால் ஹானர்ஸ் என்ற அந்தஸ்து கிடைக்கும். பிரதானப் பாடத்தோடு சேர்த்துப் படிக்கும் மைனர் பாடங்களைத் தேர்ந்துகொள்ள மாணவருக்கு முன் எப்போதும் இல்லாத சுதந்திரத்தை இத்திட்டம் தருகிறது. பதினெட்டு வயதில் கிடைக்கும் சுதந்திரத்தைச் சுலபமான பாடங்களிலேயே செலவழித்துவிடுவது மனித சுபாவம். மதிப்பெண் எளிதாக வரும் பாடத்தைச் சிநேகிதிகள் சிபாரிசு செய்வார்கள். நீ கணிதத்தை எடுத்துக்கொள்; அது கிடைக்காவிட்டால் புள்ளியியல். இரண்டுமே கிடைக்காத கல்லூரியில், வேறு சௌகரியங்கள் எவ்வளவு இருந்தாலும், சேராதே.

ஏன் இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன் என்றால், நம் தேசத்தில் இளங்கலைப் பட்டம் பொருளாதார நிபுணருக்கு வாசற்படியே தவிர வீடல்ல. யூ.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வை எழுதக்கூட முதுகலைப் பட்டம் வேண்டும். அந்த முதுகலைக்காக நீ நாடக்கூடிய இடங்களில் முக்கியமானவை, உதாரணமாக இந்தியப் புள்ளியியல் கழகமும் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸும், வாசலில் பரிசோதிப்பது உன் ஞாபகசக்தியை மட்டுமல்ல, நுண்கணிதத்தையும் நிகழ்தகவையும் நீ கையாளும் திறமையையும். சரித்திரத்தையும் சமூகவியலையும் ஐம்பது வயதில்கூடத் தனியே உட்கார்ந்து படித்துக்கொள்ளலாம். கணிதத்தை அப்படிப் பிற்பாடு படித்துக்கொள்பவர்கள் மிக அபூர்வம். தள்ளிப்போட முடியாததை முதலில் முடிப்பது என்பதைத் தவிர, பட்டப்படிப்பைத் திட்டமிடுவதில் வேறு ரகசியம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

ஆனால், கணிதத்தை மட்டும் நம்பி இறங்கியவர்கள், கத்தி தீட்டுவதிலேயே ஆயுளைக் கழித்துவிட்டு ஒரு காயையும் நறுக்காதவர்களைப் போல, பக்கம் பக்கமாகச் சமன்பாடு எழுதியும் கடைத்தெருவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். இந்த நோய்க்கு மருந்து நம் பழைய சென்னை ராஜதானியிலேயே நூறு வருஷங்களுக்கு முன் பரீட்சித்துப் பார்க்கப்பட்டிருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர் என்ற ஆங்கிலேயர், இந்த நாட்டைப் பற்றித் தாம் போதிப்பதற்கு முன் மாணவர்களிடமிருந்து தாமே கற்றுக்கொள்வது உசிதம் என்று எண்ணியவர் போல, அவர்கள் கையில் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்து அவரவர் கிராமத்துக்கு அனுப்பினார். யாரிடம் எவ்வளவு நிலம், கூலி பணமாகவா தானியமாகவா, கடன் யாரிடம், வட்டி என்ன என்று 1916-ஐ ஒட்டி அவர்கள் விசாரித்து எழுதியவை 1918-ல் ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ என்ற பொருள்பட ஆங்கில நூலாக வெளிவந்தன. 1930-களில் கேரளத்தைச் சேர்ந்த பொருளாதார அறிஞர் பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணனுடன் சேர்ந்து அக்கிராமங்களில் சிலவற்றை மறுபடியும் ஆராயச் செய்தார். அக்கிராமங்களுள் ஒன்றான தென்னார்க்காட்டு இருவேல்பட்டை ஆராய்ச்சியாளர்கள் இந்த நூற்றாண்டிலும் தேடிப் போய், பழைய கணக்குகளோடு புதியவற்றை ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். கல்லூரி மாணவர்களின் விடுமுறை வேலை இத்தனை காலம் பிரயோஜனப்பட்டதற்குக் காரணம், யாரிடம் எதைக் கேட்டால் உண்மை வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்ததுதான்.

உனக்கு அப்படியொரு கிராமம் இல்லையே என்பாய். கொச்சியிலேயே மட்டாஞ்சேரி இருக்கிறதே! யூதத் தெருவில் இந்திய மிளகு மற்றும் வாசனைப் பொருள் வர்த்தகச் சங்கத்தில் 1957 முதல் மிளகுக்கு முன்பேர வர்த்தகம் நடந்தது. பிற்கால மாதங்களில் கைமாறப்போகும் மிளகுக்கு இன்றே விலை கூவிய அந்தக் கூடத்தின் கூச்சல் கணினி வந்தபின் அடங்கியது. வர்த்தகம் மின்னணுச் சந்தைக்குப் போன பிறகு, 2012-ஐ ஒட்டி, கொச்சிக் கிடங்குகளில் இருந்த பல ஆயிரம் டன் மிளகில் கனிம எண்ணெய் பூசப்பட்டிருப்பதாகப் புகார் எழுந்து உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் அவற்றுக்கு முத்திரை வைக்க, முன்பேரச் சந்தையே நிலைகுலைந்தது. பார்க்காத சரக்கை வாங்குகிறவன் உண்மையில் தரத்தின்மீதுள்ள நம்பிக்கையைத்தான் விலை கொடுத்து வாங்குகிறான் என்பதைப் பாடப்புத்தகம் ஓர் அத்தியாயம் முழுவதும் விளக்கும். மட்டாஞ்சேரியின் பழைய வியாபாரி ஒருவர், குஜராத்தியோ கொங்கணியோ தமிழரோ, சல்லடையில் சுத்தம் செய்த மிளகுக்கும் செய்யாததற்கும் விலை ஏன் வேறு என்று தொடங்கி அதையே டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவார். இரண்டையும் கேள், ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது.

இன்னொன்றையும் யோசித்துப் பார். இலங்கையுடன் 2000-ல் அமலுக்கு வந்த தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின் வழியாக மலிவான மிளகு வந்து உள்நாட்டு விலையைச் சரிக்கிறது என்று விவசாயிகள் முறையிட, இறக்குமதி மிளகுக்குக் கிலோவுக்குக் குறைந்தபட்சம் 500 ரூபாய் என்று மத்திய அரசு 2017 டிசம்பரில் நிர்ணயித்தது. வெளிநாட்டில் விலை அதைவிடக் குறைவாக இருக்கையில் இறக்குமதியாளன் பில்லில் எந்தத் தொகையை எழுதுவான், மிச்சப் பணம் எங்கே போகும், குடகிலும் இடுக்கியிலும் இருக்கும் விவசாயிக்கு அதில் எவ்வளவு வந்து சேரும்? இரண்டாம் வருஷ நுண்பொருளாதாரம் படிக்கப்போகிறவள், துறைமுகத்துக்குப் பக்கத்தில் வாழ்பவள், இரு பாஷைகளிலும் சரளமாகப் பேசுபவள், இதை விசாரிக்காவிட்டால் வேறு யார் விசாரிப்பது? வெளிநாட்டுப் பாடப்புத்தகத்தில் இந்தக் கேள்வி வராது.

மட்டாஞ்சேரி தூரமென்றால் காக்கநாட்டிலேயே விஷயத்துக்குப் பஞ்சமில்லை. 2023 ஏப்ரலில் வைற்றிலாவிலிருந்து காக்கநாட்டுக்கு ஓடத் தொடங்கிய வாட்டர் மெட்ரோ இறக்கிவிடும் சிற்றேத்துக்கரைத் துறையிலிருந்து இன்ஃபோபார்க் வரை மிஞ்சும் அந்தக் கொஞ்ச தூரம், படகில் வருவதா பைக்கில் வருவதா என்ற தீர்மானத்தை எவ்வளவு மாற்றுகிறது என்று துறையில் நின்று கணக்கெடுக்கலாம். வேலை, கூலி பற்றித் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுக்கும் தொழிலாளர் கணக்கெடுப்பின் மூலத் தரவுகள் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றைக் கணினியில் பிரித்தெடுக்கச் சொல்லித்தர உன் தகப்பனாரின் அலுவலகத்தில் பத்துப் பேராவது இருப்பார்கள்.

உள்ளூர்க் கேள்விகள் சின்னவை என்று எண்ணிவிடாதே. திருச்சூர்க்காரரான பொருளாதார நிபுணர் கே. என். ராஜ் இருபத்தாறு வயதில் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தை எழுதுவதில் பங்கெடுத்தவர். லண்டனில் ஆராய்ச்சி செய்து டெல்லியில் பேராசிரியராக இருந்த அவர் திருவனந்தபுரத்துக்கு வந்து நிறுவிய வளர்ச்சி ஆய்வு மையம், வருமானம் குறைந்த கேரளத்தில் எழுத்தறிவும் ஆயுளும் எப்படி உயர்ந்தன என்ற உள்ளூர்க் கேள்வியை 1975-ல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட நூலின் வாயிலாக உலகத்தின் கேள்வியாக்கியது. அந்த மையத்திலும் முதுகலை நடக்கிறது, ஞாபகத்தில் வைத்துக்கொள்.

நான்காம் வருஷத்தைப் பற்றி இப்போதே யாரிடமும் வாக்குக் கொடுக்காதே. மூன்றாம் வருஷ நடுவில் உன் கையில் மிளகையோ படகையோ பற்றிய ஒரு கேள்வி உருப்பெற்றிருந்து, முதல் ஆறு செமஸ்டரில் ஆராய்ச்சியோடு கூடிய ஹானர்ஸுக்குக் கேட்கப்படும் 75 சதவீதமும் வந்திருந்தால் தொடர்ந்து இரு. கேள்வி எதுவும் இல்லையென்றால், ஹானர்ஸ் என்ற சொல்லுக்காக ஒரு வருஷத்தைக் கொடுக்காமல் மூன்றோடு நிறுத்திக்கொண்டு முதுகலை நுழைவுத் தேர்வுக்குத் தயாராகு. உன் மாமா சொல்லும் எம்.பி.ஏ.வை அப்போது பரிசீலித்தாலும் தாமதமாகிவிடாது.

மைனர் பாடத்துக்கான படிவத்தை நிரப்புமுன், கணிதத் துறையிலும் புள்ளியியல் துறையிலும் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கு. நுண்கணிதமும் நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் எந்தெந்த செமஸ்டரில் வருகின்றன என்று பார்த்து எழுது. அதன்பிறகு வரிசையை இருவருமாகத் தீர்மானிப்போம்.