உனக்கு வந்த கடிதம் ஊருக்கும் உரியது

அன்புள்ள தம்பிக்கு,

அமெரிக்காவில் வாக்களிக்கும் வயதை எட்டிவிட்டாய். இனி ஒரு மசோதா குறித்து அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரசில் உள்ள உன் தொகுதிப் பிரதிநிதிக்கோ, உன் மாநிலத்தின் செனட்டருக்கோ நீ எழுதினால், அவருடைய கையொப்பத்தோடு ஒரு பதில் வரும். படித்துவிட்டு இழுப்பறையில் போட்டு மறந்துவிடுவதுதான் பெரும்பாலோர் வழக்கம். நீ அப்படிச் செய்யாதே. யாரும் தேடிப் படிக்கும்படி அதை இணைய ஆவணத் தளம் ஒன்றில் ஏற்றிவை. இதை நான் வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

முதலில், அந்தக் கடிதம் எப்படிப் பிறக்கிறது என்று பார். 2004இல் மட்டும் காங்கிரசுக்கு வந்த கடிதங்களும் மின்னஞ்சல்களும் சுமார் 20 கோடி என்று காங்கிரஸ் நிர்வாக அறக்கட்டளை கணக்கிட்டது. இரு அவைகளிலும் வாக்குரிமை உள்ள உறுப்பினர்கள் 535 பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பதில் எழுதுவது நடவாத காரியம். எனவே ஒரு பிரச்சினைக்கு ஒரு வாசகம் என்று அலுவலகப் பணியாளர்கள் எழுதி வைத்துக்கொண்டு, அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கெல்லாம் அதையே அனுப்புகிறார்கள். இதைக் குறையென்று சொல்ல மாட்டேன். ஆனால் உன் பெயர் போட்டு வந்த கடிதம் உனக்கென்றே எழுதப்பட்டதன்று. ஒரு மக்கள் பிரதிநிதி தம் நிலைப்பாட்டைப் பலருக்கும் ஒரே வாசகத்தில் அறிவித்த ஆவணம் அது.

அந்த ஆவணம் பொதுப் பார்வைக்கு வருவதற்குச் சட்டத்தில் வழியில்லை என்பதுதான் சிக்கல். ஒரே வாசகத்தை 500 பேருக்கு மேல் தாமாக அனுப்பினால் அது மொத்த அஞ்சல். அதற்குக் கட்டுப்பாடுகள் உண்டு, அதன் பிரதியைப் பொதுமக்கள் பார்க்கவும் முடியும். கேட்டவருக்கு அனுப்பும் பதிலோ இந்த வரையறைக்குள் வராது, எத்தனை ஆயிரம் பேருக்குப் போனாலும் சரி. 1966ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டமும் உதவாது. அது நிர்வாகத் துறைகளைக் கட்டுப்படுத்துமே தவிர காங்கிரசைக் கட்டுப்படுத்தாது. உறுப்பினரின் அலுவலகக் கோப்புகள் அவருடைய சொந்த உடைமையாகவே கருதப்படுகின்றன. ஆக, அந்தக் கடிதத்தை வெளியே கொண்டுவரக்கூடியவர், எழுதியவரை விட்டால், பெற்றவர் மட்டுமே.

வெளியே வந்தால் என்ன பயன்? 1991 வளைகுடாப் போரை நினைத்துப் பார். மாசசூசெட்ஸ் செனட்டர் ஜான் கெரி, போருக்கு அனுமதி தரும் தீர்மானத்தை எதிர்த்து ஜனவரி 12 அன்று வாக்களித்தார். அதே மாதத்தில் அவருடைய அலுவலகத்திலிருந்து ஒரே வாக்காளருக்கு இரண்டு கடிதங்கள் போயின. ஒன்று, போரை எதிர்த்து எழுதியதற்கு நன்றி சொன்னது. மற்றது, அதிபர் புஷ்ஷின் நடவடிக்கையை ஆதரித்ததற்கு நன்றி சொன்னது. கணினியில் நேர்ந்த தவறு என்று அலுவலகம் விளக்கியது. அந்த விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும் என் வாதம் தளராது. இரண்டும் ஒரே கைக்கு வந்து சேர்ந்ததால்தான் முரண்பாடு தெரிந்தது. வெவ்வேறு வீடுகளுக்குப் போயிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. கடிதங்கள் ஓரிடத்தில் சேரும்போது, முரண்பாடு மட்டுமல்ல, உறுதியும் தெரியும். எல்லாருக்கும் ஒரே சொல்லைச் சொன்ன நேர்மையாளருக்கும் அதுவே சாட்சி.

தனிக் கடிதத்தை அம்பலப்படுத்துவது நாகரிகமா என்று சிலர் கேட்பார்கள். ஓய்வூதியம், கடவுச்சீட்டு, குடியேற்றம் என்று ஒருவரின் சொந்த முறையீடு பற்றிய கடிதமானால் அவர்கள் சொல்வது சரி. அதை வெளியிடவே கூடாது. நான் சொல்வது கொள்கை பற்றிய கடிதங்களை மட்டுமே. பதிப்புரிமை தடுக்காதா என்பது அடுத்த கேள்வி. மத்திய அரசுப் பொறுப்பில் இருப்பவர் தம் கடமையின் பகுதியாக எழுதியதற்கு அமெரிக்காவில் பதிப்புரிமை இல்லை. எல்லாம் வெளியாகும் என்றால் உறுப்பினர்கள் இன்னும் பட்டும் படாமலும் எழுதுவார்கள் என்பதுதான் வலுவான மறுப்பு. அப்படி நடக்கக்கூடும், மறுக்கவில்லை. ஆனால் மழுப்பலும் ஒரு பதில்தானே! ஒரு மசோதா பற்றி ஒருவர் வாய் திறக்கவில்லை என்பதை வாக்காளர்கள் தேர்தலுக்கு முன்பே அறிந்துகொள்வது நல்லது.

வெளியிடுவதிலும் பொறுப்பு வேண்டும். உனக்குச் சாதகமான பத்தியை மட்டும் வெட்டிப் போடாதே. தேதியும் கையொப்பமும் தெரிய முழுக் கடிதத்தையும் ஸ்கேன் செய். நீ கேட்ட கேள்வியையும் சேர்த்து வை. கேள்வி தெரியாமல் பதிலை எடைபோட முடியாது. உறுப்பினர் பெயர், மசோதா எண், தேதி மூன்றும் கோப்பின் பெயரில் இருக்கட்டும். எழுத்துகளைத் தேடக்கூடிய பிடிஎஃப் ஆக மாற்று. உன் முகவரியைக் கணினியில் கறுப்புப் பட்டையால் மூடினால் மட்டும் போதாது. 2019இல் அமெரிக்க அரசியல் ஆலோசகர் பால் மனஃபோர்ட்டின் வழக்கறிஞர்கள் அப்படி மூடி நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணத்தில், மறைத்த வரிகளை நகலெடுத்து ஒட்டியே செய்தியாளர்கள் படித்துவிட்டார்கள். ஆகவே தாளின் நகலில் அந்த வரிகளை வெட்டி நீக்கிவிட்டு, அதன் பிறகு ஸ்கேன் செய். மூலத்தைப் பத்திரமாக வைத்துக்கொள். போலி என்று யாராவது சொன்னால் அதுதான் பதில். இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற பொதுத் தளத்தில் ஏற்றினால் பிறருக்கும் எளிதில் கிடைக்கும்.

ஒரு கடிதத்தால் பெரிதாக ஒன்றும் விளங்கிவிடாது. ஒரே மசோதாவைப் பற்றி ஐம்பது பேர் தங்களுக்கு வந்ததை வெளியிட்டால், அவர்களின் பிரதிநிதி எங்கே நிற்கிறார் என்பது தொகுதிக்கே தெரிந்துவிடும். முதலில் நீ தொடங்கு. பிறகு நண்பர்களையும் சேர்த்துக்கொள்.

அன்புடன்,
உன் அண்ணன்