வலியறிந்து வாங்குதல்

தொண்டை மண்டலத்துச் சிற்றூர்களில் தெருக்கூத்து ஆடும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. பாரதக் கதையை இரவு முழுவதும் விடிய விடிய ஆடிக் காட்டுவர். மின்விசை ஊர்களுக்கு வாராத நாளில், கூத்தர் தம் குரல் ஒன்றையே துணையாகக் கொண்டு பாடினர். மக்கள் அரங்கினைச் சூழ்ந்து நெருங்கி அமர்ந்து கேட்டனர். குரல் எட்டும் தொலைவே அரங்கின் எல்லையாக இருந்தது. பாடுவோர் ஆற்றலும் கேட்போர் இடமும் ஒன்றற்கொன்று பொருந்தி நின்றன.

பின்னர் மின்விசை அந்த எல்லையை அகற்றியது. அமெரிக்க நாட்டினராகிய லீ டி பாரஸ்ட் என்பார் 1906 ஆம் ஆண்டில் மூன்று முனைகளையுடைய வெற்றிடக் குழல் ஒன்றை அமைத்தார். நுண்ணிய மின்குறியைப் பன்மடங்கு வலியதாக்குதற்கு அது வழி திறந்தது. தமிழின் முதற் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ 1931 ஆம் ஆண்டில் வெளிவந்தது. 1947 ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தார் டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தனர். அதன் பின்னர்ப் பேழை போன்றிருந்த கருவிகள் சிறுத்தன, விலையும் குறைந்தது. கொட்டகைக்குச் சென்று கேட்ட ஒலியை மக்கள் இன்று இல்லத்திலேயே கேட்கின்றனர். இவ்வாறு வீட்டில் அமைக்கும் ஏற்பாட்டினை ‘ஹோம் தியேட்டர்’ என வழங்குவர்.

ஒலிபெருக்கி என்று பொதுவாகக் கூறப்படுவதில் இரண்டு உறுப்புகள் உள்ளன. மின்குறியை வலுப்படுத்துவது ஒன்று. அதனை ஆம்ப்ளிபயர் என்பர். ஈண்டு அது பெருக்கி எனப்படும். வலுப்பெற்ற மின்குறியை ஒலியாக மாற்றித் தருவது மற்றொன்று, அது ஸ்பீக்கர். இவ்விரண்டனுள் பெருக்கியைத் தேர்ந்தெடுக்கும் போதே பலரும் ஏமாற்றம் அடைகின்றனர்.

செங்கற்பட்டில் வாழும் நடுத்தரக் குடும்பம் ஒன்று, பல திங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டு இத்தகைய கருவி வாங்கக் கடைக்குச் செல்வதாகக் கொள்வோம். அங்கே பளபளக்கும் பெட்டிகளின் மீது ஆயிரம் வாட், ஐயாயிரம் வாட் எனப் பெரிய எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். எண் பெரிதாயின் கருவியும் சிறந்ததாகும் என எண்ணுதல் இயல்பு. அவ்வெண்ணத்தால் குடும்பத்தின் சேமிப்பு வீணாதலும் உண்டு. செவிக்கும் அண்டை வீட்டார்க்கும் துன்பம் விளைதலும் உண்டு.

திருவள்ளுவர் பொருட்பாலில் வலியறிதல் என ஓர் அதிகாரம் வகுத்துள்ளார். செய்யும் தொழிலின் அளவு, செய்வோனது ஆற்றல், எதிர்நிற்போரின் ஆற்றல், துணை நிற்போரின் ஆற்றல் ஆகிய நான்கனையும் சீர்தூக்கும் முறை அங்கே கூறப்படுகிறது. அஃது அரசர்க்குக் கூறியதாயினும், சிறுபொருள் கொண்டு பெருக்கி வாங்கப் புகுவோர்க்கும் பொருந்தும்.

முதற்கண் தொழிலின் அளவை அறிதல் வேண்டும். ஒலியின் வன்மையை டெசிபெல் என்னும் அலகால் அளப்பர். இயல்பான உரையாடல் ஏறத்தாழ 60 டெசிபெல் ஆகும். இவ்வலகு ஏறும் முறை தனித்தன்மை உடையது. பெருக்கியின் திறன் இருமடங்கானால் ஒலி 3 டெசிபெல்லே கூடும். திறன் பத்து மடங்கானால்தான் 10 டெசிபெல் கூடும். அப்பொழுதே செவிக்கு ஒலி ஏறக்குறைய இருமடங்காகத் தோன்றும். ஆகவே 50 வாட் பெருக்கிக்கும் 100 வாட் பெருக்கிக்கும் விலையில் வேறுபாடு பெரிதாயினும், செவி உணரும் வேறுபாடு சிறிதேயாகும்.

தொலைவும் கருதத்தக்கது. திறந்த வெளியில் தொலைவு இருமடங்காகுந்தோறும் ஒலி 6 டெசிபெல் குறையும். ஒரு மீட்டர் தொலைவில், ஒரு வாட் திறனுக்கு 88 டெசிபெல் ஒலி தரும் ஸ்பீக்கர் ஒன்றினை எடுத்துக்கொள்வோம். கேட்பவர் மூன்று மீட்டருக்கு அப்பால் அமர்ந்தால், அவ்வொரு வாட்டுக்கு அவர் செவியை அடைவது ஏறத்தாழ 78 டெசிபெல். உரையாடலினும் இது வலியது. படத்தில் இடி முழங்கும் போதும் முரசு அதிரும் போதும் ஒரு நொடியளவு 95 டெசிபெல் வேண்டுமெனில், இன்னும் 17 டெசிபெல் தேவை. அதற்கு ஐம்பது மடங்கு திறன், அஃதாவது 50 வாட் போதும். வீட்டுச் சுவர்கள் ஒலியை எதிரொலித்து அறைக்குள்ளேயே நிறுத்துவதால், உண்மையில் இதனினும் குறைந்த திறனே அமையும்.

இதனை மாமல்லபுரத்தோடு ஒப்பிடுக. அங்கே ஆண்டுதோறும் டிசம்பர், சனவரித் திங்கள்களில் தமிழ்நாட்டுச் சுற்றுலாத் துறையினர் இந்திய நாட்டிய விழா நடத்துவர். அரங்கு திறந்த வெளியில் அமைவது. ஒலியை மீட்டுத் தரச் சுவரும் இல்லை, கூரையும் இல்லை. முப்பது மீட்டருக்கு அப்பால் இருப்பவர்க்கு அதே ஒலியை அதே ஸ்பீக்கர் தர வேண்டுமாயின், மூன்று மீட்டருக்கு வேண்டியதைப் போல் நூறு மடங்கு திறன், அஃதாவது 5000 வாட் வேண்டும். விழா அரங்கிற்கு ஏற்றது சிற்றறைக்கு ஏலாது. பன்னிரண்டடி அறையில் விழா அரங்கின் கருவியை வைப்பது, குடத்து நீரை முகக்கக் கவலை ஏற்றம் அமைப்பதனை ஒக்கும்.

இரண்டாவதாகத் துணையின் வலியை அறிதல் வேண்டும். பெருக்கிக்குத் துணை ஸ்பீக்கரே. மேற்கூறிய 88 டெசிபெல் ஸ்பீக்கருக்கு மாற்றாக 91 டெசிபெல் தருவதனைத் தேர்ந்தால், 50 வாட் செய்யும் பணியை 25 வாட்டே செய்துவிடும். இவ்வளவினை உணர்திறன் என்பர். ஆதலின் முதலில் ஸ்பீக்கரைத் தேர்ந்து, பின்னர் அதற்கேற்ற பெருக்கியைத் தேடுதலே சிக்கனத்திற்கு உரிய முறை.

ஸ்பீக்கரின் பின்புறத்தில் 4 ஓம், 6 ஓம், 8 ஓம் என மின்னெதிர்ப்பின் அளவு குறிக்கப்பட்டிருக்கும். எண் குறையக் குறையப் பெருக்கியிலிருந்து மிகுந்த மின்னோட்டம் இழுக்கப்படும். 8 ஓமுக்கென அமைந்த எளிய பெருக்கியில் 4 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால், அது சூடேறிக் கெடவும் கூடும். பெருக்கியை ஆக்கியோர் எத்தனை ஓம் வரை இசைவளித்துள்ளனர் எனப் பார்த்தே இணைத்தல் வேண்டும்.

‘5.1’ என்னும் குறியின் பொருளையும் அறிதல் நன்று. முன்புறம் மூன்று, பக்கங்களில் இரண்டு ஆக ஐந்து ஸ்பீக்கர்களும், முழக்கத்தைத் தரும் சப்வூபர் ஒன்றும் சேர்ந்த அமைப்பு அது. முழக்க ஒலியே மிகுதியான திறனை விழுங்குவது. தனக்கெனப் பெருக்கியை உள்ளே கொண்ட சப்வூபரை வாங்கினால், முதன்மைப் பெருக்கியின் சுமை பெரிதும் குறையும். பொருள் மிகக் குறைவாக இருப்பின், தரமற்ற ஐந்தினும் தரமான இரண்டு ஸ்பீக்கர்களோடு தொடங்குவதே தக்கது. ‘பிரீ அவுட்’ என்னும் இணைப்பு வாயிலுள்ள ரிசீவரை வாங்கினால், பிற்காலத்தில் வலிய பெருக்கி ஒன்றினைத் தனியே சேர்த்துக்கொள்ளலாம். முன்பு வாங்கியதை எறிய வேண்டுவதில்லை.

மூன்றாவதாகக் கருவியின் மெய்வலியை அறிதல் வேண்டும். பெட்டியின் முகப்பில் உள்ள எண் பெரும்பாலும் பி.எம்.பி.ஓ. என்னும் குறியோடு நிற்கும். அவ்வெண்ணை அளத்தற்குப் பொதுமுறை எதுவும் இல்லை. விற்போர் விரும்பியவாறு அதனைப் பெருக்கிச் சொல்லலாம். ஆர்.எம்.எஸ். என்னும் குறியோடு வருவதே, கருவி தொடர்ந்து தரக்கூடிய திறனைக் காட்டும். அதனையும் நான்கு வினாக்களால் ஆராய்தல் வேண்டும். அத்திறன் எத்தனை ஓமுக்கு உரியது? ஒரு வாயில் மட்டும் இயங்கும்போது அளந்ததா, எல்லா வாயில்களும் இயங்கும்போது அளந்ததா? ஒரே ஓர் அதிர்வெண்ணில் அளந்ததா, செவி கேட்கும் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை அளந்ததா? ஒலியின் திரிபு நூற்றுக்கு எத்தனை பங்கு? பத்துப் பங்கு திரிந்த ஒலியை 100 வாட் எனக் கூறுவதினும், திரிபு ஒரு பங்கிலும் குறைந்த 50 வாட் மேலானது.

ஏமாற்றத்தைக் காண எளிய வழியும் ஒன்று உண்டு. கருவியின் பின்புறத்தில் அது சுவரிலிருந்து பெறும் மின்திறன் அச்சிடப்பட்டிருக்கும். 150 வாட் பெறும் கருவி ஆயிரம் வாட் ஒலித்திறனைத் தொடர்ந்து தருதல் இயலாது. வரவினும் மிக்க செலவு எந்தக் குடும்பத்திலும் நிலைத்து நில்லாதவாறு போல, பெற்றதினும் மிகுதியாக எந்தக் கருவியும் கொடுப்பதில்லை. ஆற்றல் அழிவின்மை விதி கடைத்தெருவிற்கும் உரியதே.

இதனால் திறன் குறைந்த பெருக்கியே எப்பொழுதும் நன்று என்பதும் அன்று. சிறிய பெருக்கியை அதன் எல்லை கடந்து முடுக்கினால், மின்னலையின் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகும். ஒலி கரகரக்கும், ஸ்பீக்கரில் நுண்ணொலி தரும் சிறு பகுதி கருகிவிடும். ஆதலின் கணக்கிட்டுக் கண்ட தேவையினும் சற்றே மிகுதியான திறனைக் கொள்ளுதல் முறை. அதற்கு மேல் வாங்குவது வீண்செலவு.

நான்காவதாக எதிர்நிற்பவற்றின் வலியை அறிதல் வேண்டும். அவற்றுள் வெம்மை முதன்மையானது. ஏபி வகுப்புப் பெருக்கிகள் பெறும் மின்னாற்றலில் ஒரு பெரும்பகுதியை வெப்பமாக இழப்பன. டி வகுப்புப் பெருக்கிகளில் அவ்விழப்பு மிகக் குறைவு. எவ்வகையாயினும் மூடிய அலமாரியில் வைத்தல் ஆகாது; மேலும் பக்கங்களிலும் காற்று உலவ இடம் விடுதல் வேண்டும்.

மாமல்லபுரம், கல்பாக்கம், கோவளம் முதலிய கடற்கரை ஊர்களில் வாழ்வோர்க்கு உப்புக் காற்றும் ஒரு பகையாகும். அக்காற்றால் செம்புக் கம்பிகளின் முனை பச்சை படரும், இரும்புத் திருகுகள் துருவேறும், இணைப்புகள் தளரும். பழைய கருவியைக் குறைந்த விலைக்கு வாங்குவோர் இணைப்பு முனைகளை உற்று நோக்குதல் வேண்டும். ஒரு மணி நேரமேனும் இயக்கிக் கேட்டு, இரைச்சல் உண்டா, ஒலியளவுக் குமிழைத் திருப்பும்போது கரகரப்பு உண்டா எனத் தேர்தல் நலம். நில இணைப்புள்ள மூன்று துளைச் செருகியில் பொருத்துதல் உயிர்க்குக் காவல்.

அறையும் சில வேளை பகையாகும். மாமல்லபுரத்துக் குடைவரைகளின் கற்சுவர் போன்ற வழவழப்பான பரப்பு, ஒலியை உறிஞ்சாது திருப்பி அனுப்பும். அவ்வாறே வெறுந்தரையும் வெறுஞ்சுவருமான அறையில் சொற்கள் ஒன்றோடொன்று கலந்து தெளிவிழக்கும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஆசிரியர் வாலஸ் சாபின் என்பார், சொற்பொழிவு கேளாத கூடமொன்றனை 1895 ஆம் ஆண்டளவில் ஆராய்ந்தார். இருக்கை மெத்தைகளை உள்ளே கொணர்ந்து வைக்க வைக்க எதிரொலி தணிதலை அவர் அளந்து கண்டார். பெருக்கிக்கு மேலும் பொருள் செலவிடுமுன் தரையில் ஒரு பாயோ கம்பளமோ விரித்து, சாளரங்களுக்குத் தடித்த திரை இட்டுப் பார்த்தல் அறிவுடைமை.

இறுதியாக, கேட்கும் உரிமைக்கும் எல்லை உண்டு. 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்திற்கு மேல் கேட்டல் செவிக்குக் கேடு என்பர் வல்லுநர். ஒலி 3 டெசிபெல் ஏறுந்தோறும் அக்கால எல்லை பாதியாகக் குறையும். இழந்த கேட்கும் ஆற்றலை எந்தப் பெருக்கியும் மீட்டுத் தாராது. இந்திய அரசு 2000 ஆம் ஆண்டில் வகுத்த ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என அளவு காட்டுகின்றன. இரவென்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. ஒருவர் வீட்டு ஒலி, அவ்வீட்டு எல்லையில் இவ்வளவினை 5 டெசிபெல்லுக்கு மேல் விஞ்சுதல் ஆகாது என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. அடுத்த வீட்டில் நோயாளர் உறங்கலாம். தேர்விற்குப் பயிலும் மாணவர் இருக்கலாம். அவர்தம் அமைதியும் கருவியின் விலையோடு சேர்த்து எண்ணத்தக்கது.

அறையை அளந்து, துணையைத் தேர்ந்து, மெய்வலியை வினவி, பகையை நோக்கி வாங்குவோர், சிறுபொருளாலும் நிறைந்த இன்பம் பெறுவர். எண்ணின் பெருமையில் மயங்குவோர் பெரும்பொருள் கொடுத்தும் இரைச்சலையே பெறுவர். பெருக்கிக்கு உரைத்த இம்முறை, பொருள் கொடுத்து வாங்கும் எக்கருவிக்கும் ஒக்கும்.