பிரமோஷன் வரவில்லை: இருப்பதா, டீம் மாறுவதா, பேப்பர் போடுவதா?

அப்ரைசல் கடிதம் வருகிறது. சம்பளம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. பதவி அப்படியே இருக்கிறது. கேட்டால், "அடுத்த சைக்கிள்ல பார்க்கலாம்" என்கிறார் மேனேஜர். இரண்டு வருடம் இதைக் கேட்டவர் மூன்றாவது வருடம் ஆத்திரத்தில் பேப்பர் போட்டுவிடுவார். அதற்கு முன் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள்: வழியை மறிப்பது எது? உங்கள் வேலை மேலிடத்துக்குத் தெரியாததா, மேனேஜரா, மேலே இடமே இல்லாததா?

வேலை தெரியவில்லை என்றால்: இருந்து கேளுங்கள்

பல நிறுவனங்களில் ரேட்டிங்கை உங்கள் மேனேஜர் தனியாகப் போடுவதில்லை. பல மேனேஜர்கள் கூடிப் பேசி, உயர்ந்த ரேட்டிங் சிலருக்கே என்ற பெல் கர்வுக்குள் அடக்குகிறார்கள். அங்கே உங்களுக்காக வாதாட அவர் கையில் சரக்கு வேண்டும். முடித்த வேலைகளையும் அவற்றால் மிச்சமான நேரம், பணத்தையும் ஒரே பக்கத்தில் எழுதி, அந்தக் கூட்டத்துக்கு முன்பே கொடுங்கள். அடுத்த பதவிக்கு என்ன குறைகிறது என்று கேட்டு, பதிலை மெயிலில் பதிவு செய்யுங்கள். இதற்கு ஒரு அப்ரைசல் சைக்கிள் செலவாகும். குறையைச் சொல்லவே மழுப்பினால், தடை வேறெங்கோ இருக்கிறது.

மேனேஜர்தான் தடை என்றால்: டீம் மாறுங்கள்

அதே நிறுவனத்துக்குள் டீம் மாறினால் கிராஜுவிட்டிக்கான பணிக்காலம் அறுபடாது. கம்பெனியும் பழகிய இடம். ஆனால் பழைய மேனேஜர் 'ரிலீஸ்' தராமல் இழுத்தடிக்கலாம். புது டீமில் முதல் வருடம் சுமாரான ரேட்டிங்கே கிடைக்கலாம். அந்த டீமில் கடைசியாகப் பிரமோஷன் வாங்கியவரிடம் பேசிவிட்டு விண்ணப்பியுங்கள்.

மேலே இடமே இல்லை என்றால்: வெளியேறுங்கள்

டீம் லீட் நகராத வரை அவருக்குக் கீழே இருப்பவர்களும் நகர முடியாது. இங்கே கெட்டிக்காரத்தனம் உதவாது. ஆனால் கணக்குப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கிராஜுவிட்டி: நிரந்தர ஊழியருக்கு 5 வருடப் பணி வேண்டும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 40,000 ரூபாய் என்றால், ஐந்து வருடத்துக்குச் சுமார் 1,15,000 ரூபாய். ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ஆனால் உங்கள் நிறுவனம் அதை ஏற்கிறதா என்று ஹெச்.ஆரிடம் முன்கூட்டியே கேளுங்கள். சில மாதமே பாக்கி என்றால் பொறுப்பது லாபம்.

பி.எஃப்.: எடுக்காதீர்கள், புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். மொத்தப் பணிக்காலம் 5 வருடம் ஆகுமுன் எடுத்தால் வரி உண்டு. மாதப் பென்ஷனுக்கு 10 வருடம் சேர வேண்டும்.

நோட்டீஸ் பீரியட்: ஐ.டி.யில் 90 நாள் சகஜம். புது நிறுவனம் அதுவரை காத்திருக்குமா, நோட்டீஸ் நாட்களுக்கு ஈடான 'பை-அவுட்' பணத்தை யார் கட்டுவது என்பதை ஆஃபரிலேயே எழுதி வாங்குங்கள்.

பேப்பர் போட்டதும் சிலருக்கு இங்கேயே கூடுதல் சம்பளம் பேசுவார்கள். பதவியும் தேதியும் எழுத்தில் இல்லாமல் பணம் மட்டும் கூடினால், வழியை மறித்த தடை அப்படியே நிற்கும். எந்த வழியானாலும், அடுத்த ஆஃபர் லெட்டர் கைக்கு வருமுன் ராஜினாமா மெயிலை அனுப்பாதீர்கள்.