நிற்பாட்டத் தெரிந்த சாரதி

முறிகண்டிப் பிள்ளையாருக்கு நிற்பாட்டாமல் போகும் பஸ் சாரதியை ஏ9 வீதியில் காண்பது அரிது. இறங்கி, தேங்காய் உடைத்து, திருநீறு பூசிக்கொண்டுதான் மறுபடி ஏறுவார். அதே மனிதர் காவலாளி இல்லாத புகையிரதக் கடவையில் கியரைக்கூடக் குறைக்காமல் போவதையும் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்காகப் பெற்றோர் சேர்ந்து வாடகைக்குப் பிடித்த பஸ்ஸின் பொறுப்பை பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் என் தலையில் கட்டினார்கள். அன்றிலிருந்து சாரதிமாரை நான் அளப்பது ஒரே கோலால்தான்: இவர் எங்கே, எப்படி நிற்பாட்டுகிறார்?

இ.போ.ச. பஸ்ஸும் 'சிசு செரிய' மாணவர் பஸ் சேவையும் இருக்கின்றனதான். ஆனால் அவை ஓடுவது பெரும்பாலும் பெரிய வீதிகளில். குளக்கட்டுக்கு அப்பால் இருக்கும் குடியிருப்புப் பிள்ளை பிரதான வீதிக்கு வருவதற்கே சில கிலோமீற்றர் நடக்கவேண்டும். விடியப்புறத்தில் யானைப் பயம் வேறு. அதனால்தான் வன்னியில் பல ஊர்களில் பெற்றோரே வானும் பஸ்ஸும் பிடிக்கிறார்கள்.

சாரதி வேலைக்கு வருகிறவர்கள் சொல்லும் முதல் வசனம் அநேகமாக ஒன்றுதான்: "அண்ணை, இருபது வருசமா ஓடுறன், வாகனத்தில ஒரு கீறல் இல்லை." நல்லது. நான் கேட்பது அனுமதிப்பத்திரத்தை. பஸ் ஓட்டுவதற்கான வகை அதில் ஏறியிருக்கிறதா என்று திருப்பிப் பார்க்கவேண்டும். இறுதி யுத்தத்தில் இடம்பெயர்ந்தபோது ஆவணங்களைத் தொலைத்தவர்கள் எங்கள் பகுதியில் அதிகம். உழவு இயந்திரம், லொறி எல்லாம் ஓட்டுவார்கள். பத்திரத்தில் இலகுரக வாகனம் மட்டும்தான் இருக்கும். அவர்களைத் திருப்பி அனுப்புவது மனதுக்குக் கஷ்டம். இருந்தாலும் அந்த வகையை எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். விபத்து நடந்தபிறகு காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

அடுத்தது ஓட்டப் பரீட்சை. வெறும் வீதியில் ஓட்டிக் காட்டச் சொல்லாதீர்கள். அதில் எல்லோரும் சித்தியடைவார்கள். பாடசாலை விடும் நேரத்தில், வாசலில் சனம் நிற்கும்போது பஸ்ஸைப் பின்னுக்கு எடுத்துத் திருப்பச் சொல்லுங்கள். பின்னால் ஒருவரை நிற்கவைத்து அவர் கைகாட்டிய பிறகு நகர்த்துகிறாரா, கண்ணாடியை நம்பிச் சடாரென்று எடுக்கிறாரா என்பது அங்கே தெரிந்துவிடும். பிறகு புகையிரதக் கடவைக்குக் கூட்டிப்போங்கள்.

கடவையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லவேண்டும். 1990இல் நின்றுபோன ரயில் 2013 செப்டெம்பர் 14ஆம் திகதிதான் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் தண்டவாளங்கள் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. இன்று நாற்பது வயதாகும் சாரதி ஒருவர் வண்டி ஓட்டப் பழகிய நாட்களில் இங்கே ரயில் என்ற ஒன்றே கிடையாது. ரயில் சத்தத்தை எதிர்பார்க்கும் பழக்கம் அவருடைய காதில் படியவில்லை. ஏ9இலிருந்து உள்ளே திரும்பும் வீதிகள் பல தண்டவாளத்தைக் கடக்கின்றன. எங்கள் பஸ்ஸுக்கு நாங்கள் வைத்த விதி இது: கேற் திறந்திருந்தாலும் நிற்பாட்டு, பாட்டை நிறுத்து, உதவியாளர் இறங்கித் தண்டவாளம் வரை நடந்து இரண்டு பக்கமும் பார்த்துக் கைகாட்டட்டும். பின்னால் வருபவன் ஹோர்ன் அடிப்பான். அடிக்கட்டும். 2005 ஏப்ரல் 27ஆம் திகதி அலவ்வைக்கு அருகே யாங்கல்மோதரையில், மூடிய கடவைக்குள் நுழைந்த தனியார் பஸ்ஸை ரயில் மோதி முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். பொறுத்திருந்தால் சில நிமிடம்தான்.

ஆளைத் தெரிவு செய்வதில் இந்தியாவிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒரு விசயம் உண்டு. 1997 நவம்பரில் தில்லி வசீராபாத் பாலத்திலிருந்து பாடசாலை பஸ் ஒன்று யமுனை ஆற்றில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கட்டளை போட்டது: கனரக வாகனம் ஓட்டி ஐந்து வருட அனுபவமாவது வேண்டும்; வருடத்தில் இரண்டு தடவைக்கு மேல் சிறு குற்றத்துக்குத் தண்டம் கட்டியவர் வேண்டாம்; வேகத்துக்கோ குடிக்கோ ஒருதரம் பிடிபட்டாலும் வேண்டாம். எங்களுக்கு இது சட்டமல்ல. இருந்தும் நான் இதையே அளவாக வைத்திருக்கிறேன். வட்டுவாகல் போன்ற ஒடுங்கிய பழைய பாலத்தில் பிள்ளைகளோடு போன எவருக்கும் ஏன் என்று விளங்கும்.

கிராம அலுவலரின் நற்சான்றிதழ் தேவைதான், ஆனால் அதில் எல்லோரும் நல்லவர்களே. சாரதியின் ஊர்க் கடையில் விசாரியுங்கள்; பெண்களிடம் விசாரித்தால் இன்னும் நல்லது. கசிப்புக் குடிக்கிறவரா என்பதை அவர்கள் ஒளிக்கமாட்டார்கள். குடியைவிட நான் கூடப் பயப்படுவது நித்திரைக்கு. பகலில் பஸ், இரவில் மணல் டிப்பர் என்று ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். காலை ஆறு மணிக்கு ஸ்டியரிங்கில் இருக்கும் அந்த மனிதர் கண்ணைத் திறந்துகொண்டு தூங்குவார். அதற்கு அவரைத் திட்டிப் பயனில்லை. ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் விடுமுறைகளில் சம்பளத்தை வெட்டுகிற பெற்றோர்தான் அவரை டிப்பருக்கு அனுப்புகிறார்கள். விடுமுறைக்கும் குறைந்தது அரைச் சம்பளமாவது கொடுங்கள். எங்கள் கூட்டத்தில் இதற்குத்தான் பெரிய சண்டை வந்தது. கடைசியில் மாதக் கட்டணத்தைக் கொஞ்சம் உயர்த்தி ஒப்பேற்றினோம்.

உதவியாளராக ஊரில் ஒரு தாயைப் பிடியுங்கள். பெரிய பெண்பிள்ளைகளுக்கு அது எவ்வளவு நிம்மதி என்று அவர்களே சொல்வார்கள். பெயர்ப் பதிவு, மிதிபலகையில் தொங்கும் பெடியன்களை உள்ளே ஏற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. முக்கியமான வேலை இறக்கிவிடுவது. பஸ்ஸுக்குள் இருக்கும் பிள்ளையைவிட, இறங்கிய பிள்ளைக்குத்தான் ஆபத்துக் கூட. அமெரிக்காவில் மஞ்சள் பஸ் சிவப்பு விளக்குப் போட்டால் சாதாரண வீதியில் இரு பக்க வாகனமும் நிற்கவேண்டும் என்று சட்டம். இங்கே பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் யாரும் நிற்கமாட்டார்கள். ஆகவே பஸ் போய் வீதி தெளிவாகும்வரை பிள்ளை ஓரத்திலேயே நிற்கவேண்டும். சின்னப் பிள்ளைகளை உதவியாளர் கையைப் பிடித்துக் கடத்திவிடவேண்டும். தாய்மார் எதிர்ப்பக்கம் நின்று "ஓடி வா" என்று கூப்பிடக் கூடாது. இதை ஒவ்வொரு தவணையும் சொல்லவேண்டியிருக்கிறது.

பெப்ரவரி, மார்ச்சில் அறுவடை. வீதியின் ஒரு பாதியில் நெல் காயும், மற்றப் பாதியில் அறுவடை இயந்திரம் வரும். அந்த மாதங்களில் பதினைந்து நிமிடம் முன்னதாகப் புறப்படுவதைத் தவிர வேறு மருந்து இல்லை.

மாரியில் பிரச்சினை தண்ணீர். குளம் வான் பாய்ந்து வீதிக்கு மேலாக ஓடும்போது, ஓரக் கற்கள் தெரியாவிட்டால் பஸ் திரும்பிவிடவேண்டும். முடிவு சாரதியுடையது. பரீட்சை நாள் என்று அவரை நெருக்கும் தகப்பன்மாருக்காகவே இதை எழுதிக் கையொப்பம் வாங்கி வைத்திருக்கிறோம். அப்படித் திரும்பினால் அதிபருக்கு உதவியாளரும், பெற்றோருக்கு நானும் அழைப்போம். பரீட்சை எழுதும் பிள்ளைகள் இருந்தால் வலயக் கல்வி அலுவலகத்துக்கு அதிபர் அறிவிப்பார். அழைப்பு இலக்கங்கள் எழுதிய அட்டையொன்று சாரதியின் ஆசனத்துக்கு மேலே ஒட்டியிருக்கிறது. மாறிய இலக்கங்களை ஒக்டோபரில், மழை தொடங்கமுன் திருத்தி ஒட்டுகிறோம்.