ஒரு பில்லர் போனாலும் வீடு நிற்க

1968 மே 16, லண்டன். ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் 18ஆம் மாடியில் கேஸ் வெடித்தது. பிய்ந்தது ஒரே ஒரு வீட்டுச் சுவர். சரிந்தது கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும். 2021 நவம்பரில் சேலம் கருங்கல்பட்டியில் சிலிண்டர் வெடித்து, அடுத்தடுத்த வீடுகள் இடிந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. நாமக்கல்லில் இன்னொரு பயமும் உண்டு: ரிவர்ஸ் வரும் லாரி, முனைக்கடை பில்லரை இடிப்பது.

செய்ய வேண்டியவை

• பீமின் அடிக்கம்பியில் இரண்டையாவது பில்லரோடு நிறுத்தாமல் அடுத்த பீமுக்குள் ஓட விடுங்கள். பில்லர் இருக்கும்வரை அந்த இடத்தில் அடிக்கம்பிக்குப் பெரிய வேலையில்லை, "எதுக்கு சார் வேஸ்ட்டா?" என்பார் மேஸ்திரி. பில்லர் போன நொடியில் இரண்டு ஸ்பானும் ஒன்றாகிவிடும். அப்போது மேல்தளம் கொடிக்கயிற்றுத் துணிபோலத் தொங்குவது அந்த இரண்டு கம்பியில்தான்.

• ரிங் கொக்கியை 135 டிகிரிக்கு உள்ளே மடக்கச் சொல்லுங்கள். 90 டிகிரி கொக்கி, கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் உதிர்ந்ததும் விரிந்துவிடும். பீமும் பில்லரும் சேரும் முடிச்சிலும் ரிங் வேண்டும். கை நுழையவில்லை என்று விட்டுவிடுவது அங்கேதான்.

• தெருவோரப் பில்லருக்கு முன்னால் தடுப்புக்கல் நடுங்கள். செலவு சொற்பம்.

செய்யக்கூடாதவை

• பிளானில் இல்லாத மாடியை ஏற்றாதீர்கள். சென்னை மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடி விழுந்து 61 பேர் இறந்தனர். அங்கே வடிவமைப்பிலேயே கோளாறு; தாங்காத பில்லர்மேல் மாடி ஏற்றினாலும் அதே கதிதான். உங்கள் பில்லர் எத்தனை மாடிக்கு என்பதை இன்ஜினியரிடம் எழுத்தில் வாங்குங்கள்.

• கடையை அகலப்படுத்தவோ பைப் இழுக்கவோ பில்லரைக் கொத்தாதீர்கள்.

• வீட்டு மாடியைக் குடோன் ஆக்காதீர்கள். வீட்டுத் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ என்ற கணக்கில் போடப்படுவது. சேலம் லீ பஜாரிலிருந்து வரும் 50 கிலோ மூட்டை பத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் என்ன ஆகும், நீங்களே கணக்குப் போடுங்கள்.

• கான்கிரீட் போட்டபின் சென்ட்ரிங் முட்டுகளை அவசரமாகப் பிடுங்காதீர்கள். நாலரை மீட்டர் வரையிலான தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14. ஆறு மீட்டர் வரையிலான பீமுக்கு 14, அதைத் தாண்டினால் 21. பக்கத்து சைட்டுக்கு வாடகை முட்டு வேண்டும் என்று ஆள் வந்து நிற்பான். நிற்கட்டும்.