மேக்பெத்: வாக்கும் வீழ்ச்சியும்

ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களுள் ஒன்று 'மேக்பெத்'. இது 1623ஆம் ஆண்டு அச்சேறியது.

ஸ்காட்லாந்துப் படைத்தலைவன் மேக்பெத், போரில் வென்று நண்பன் பாங்க்வோவுடன் திரும்பினான். வழியில் எதிர்ப்பட்ட சூனியக்காரிகள் மூவர், மேக்பெத் அரசனாவான் என்றும், பாங்க்வோவின் வழித்தோன்றல்கள் அரசாள்வர் என்றும் உரைத்தனர்.

எவரையும் கொல்லுமாறு அவர்கள் கூறவில்லை. வாக்கைக் கேட்ட பாங்க்வோ நெறி பிறழவில்லை. மேக்பெத்தோ பேராசைக்கு இடங்கொடுத்தான். மனைவியும் தூண்டவே, தன் கோட்டைக்கு விருந்தினராக வந்த மன்னர் டங்கனைக் கொன்று முடிசூடினான். அச்சம் அவனை விடவில்லை. பாங்க்வோவையும் ஆளனுப்பிக் கொல்வித்தான்.

மீண்டும் சூனியக்காரிகளை நாடினான். பெண் ஈன்ற எவனாலும் அவனுக்குத் தீங்கில்லை என்றும், பர்னம் காடு அவன் கோட்டையை நோக்கி வரும்வரை தோல்வியில்லை என்றும் அங்கே தோன்றிய உருவங்கள் கூறின. அதனை நம்பிச் செருக்குற்றான். பகைவரோ அக்காட்டின் கிளைகளை ஏந்தி மறைந்து வந்தனர்; காடே நகர்ந்ததுபோல் ஆயிற்று. தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்ட மக்டஃப் அவனை வீழ்த்தினான்.

வாக்கு அரியணையைக் காட்டியது. குறுவாளை எடுத்தது மேக்பெத்தின் கையே.

சிந்தித்து எழுதுக: வாக்கைச் சேர்ந்து கேட்ட நண்பர் இருவரும் வெவ்வேறு வழியில் சென்றது ஏன்?